பதிவாளரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை

என் கண்டிப்புக்கார அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்றாவது வருடம் நடக்கிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரிகூட நான் எழுதவில்லை. கோபத்தோடு எழுதிய எதையும் நீங்கள் வாசிக்க மாட்டீர்கள். "ஆறினாப்பிறகு எழுதிக்கொண்டு வா" என்று திருப்பித் தந்துவிடுவீர்கள். ஆறட்டும் ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறுவதாகத் தெரியவில்லை. அதனால் சூட்டோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியின் சிசிலித் தீவில், நான் இருக்கும் பலேர்மோ நகரில், எங்கள் ஆட்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். இந்தக் கடிதத்தை அதில் கொடுக்கப் போகிறேன். உங்களைத் தெரியாதவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா யாழ்ப்பாணத்தில் எங்கள் பகுதிக்குப் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்தவர். ஒரு பிள்ளை பிறந்தாலும் ஒரு கிழவர் கண்ணை மூடினாலும் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து அவரிடம் சொல்ல வேண்டும். அவர் எழுதினால்தான் அது நடந்ததாகக் கணக்கு.

உங்களோடு எனக்கு இருந்த பெரிய சண்டையே அந்தப் புத்தகம்தான், ஞாபகம் இருக்கிறதா? என்னைத் தொட விட மாட்டீர்கள். அம்மாவையும் விட மாட்டீர்கள். "அரசாங்கச் சொத்து" என்பீர்கள், ஏதோ அரசாங்கம் எங்கள் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பதுபோல. ஒருநாள், புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் வந்தாள். செத்தவரின் தாயாருடைய முழுப்பெயர் அவளுக்குத் தெரியவில்லை. "தெரியாது எண்டு எழுத இந்தப் புத்தகத்திலை கட்டம் இல்லைப் பிள்ளை. போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ" என்று அந்த வெயிலில் அவளைத் திருப்பி அனுப்பினீர்கள். அம்மா அவளைப் பின்பக்கத்தால் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தா. இந்த மனுசனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பு முழுதாகப் போய்விடவில்லை.

இப்போது என்ன நடந்திருக்கிறது பாருங்கள். ஊர்ச் சாவெல்லாம் எழுதிய உங்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கடதாசியைப் பார்த்தால் நீங்கள் இன்னும் எங்கேயோ உயிரோடு திரிகிறீர்கள்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அம்மா கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் பதினாலு மாதமாகத் தனியாக இருக்கிறா. அவவை இங்கே கூப்பிட குவெஸ்தூராவில், வெளிநாட்டவருக்கு அனுமதி தரும் பொலிஸ் தலைமையகத்தில், வரிசையில் நின்று, வேலை ஒப்பந்தம், வீட்டு ஒப்பந்தம் எல்லாம் காட்டி அனுமதி எடுத்து அனுப்பினேன். விசா கொடுக்கும் இடத்தில் அம்மாவிடம் ஒரு கேள்விதான் கேட்டார்களாம். கணவர் எங்கே? இறந்துவிட்டார் என்றால் மரணப் பத்திரம் எங்கே? உங்களுடைய கேள்வி, அப்பா. உங்கள் குரலிலேயே கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். முதல் அனுமதி காலாவதியாகிவிட்டது. இரண்டாவது முறை எடுத்ததும் வருகிற ஆனியோடு முடிகிறது. அதற்குள் பத்திரம் வராவிட்டால் மூன்றாவது முறை தருவார்கள் என்று யாரும் எனக்கு உறுதி சொல்லவில்லை.

பலேர்மோவின் ஒரேத்தோப் பகுதியில் இரண்டு அறை வீடு எங்களுடையது. உங்கள் பேத்திக்கு ஏழு வயது. தன் கட்டிலில் பாதியை அம்மம்மாவுக்கென்று விட்டு, சுவரோடு ஒட்டிப் படுக்கிறாள். "மம்மா, நொன்னா எப்ப வாறா? தொமானியோ?" என்று கேட்பாள். அம்மம்மா வருவது நாளைக்கோ என்கிறாள். ஒரு வருடத்துக்கு மேலாக அவளுக்கு எல்லாமே நாளைக்குத்தான்.

நான் தேடாமல் இருக்கவில்லை. நீங்கள் எல்லாரோடும் இடம்பெயர்ந்து, கடல்நீரேரி கடந்து, வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது காய்ச்சலில் போனீர்கள் என்பதுதான் எனக்குத் தெரியும். அம்மா அப்போது அனுப்பிய கடிதத்தில் ஒரே வரி. "எல்லாம் முறைப்படி முடிஞ்சுது, நீ யோசியாதை." நானும் யோசிக்கவில்லை. இங்கே உங்கள் படத்துக்கு விளக்கேற்றி, முப்பத்தோராம் நாள் நாலு பேருக்குச் சாப்பாடு போட்டேன். பத்திரம் தேவை என்று வந்தபிறகுதான் ஒவ்வொருவருக்காகக் கடிதம் எழுதத் தொடங்கினேன். அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கேட்கச் சொன்னேன். உங்கள் மருமகனின் சொந்தக்காரர் ஒருவர் வவுனியாவில் இருந்தார். அவரைக் கொண்டு அக்கம்பக்கத்துச் சுடலைகளின் மயானச் சபைக் கொப்பிகளைப் பார்க்கச் சொன்னேன். மூன்று சுடலை, நாலு சுடலை. எல்லா இடத்திலிருந்தும் ஒரே பதில்தான் வந்தது. அப்படி ஒரு பெயர் இல்லை.

அம்மாவிடம் நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் இப்போது புருவத்தை உயர்த்துவீர்கள். எங்கள் பெண்கள் எப்போது சுடலைக்குப் போனார்கள், அப்பா? வாசல் படலையோடு நின்று அழுதுவிட்டு முழுகப் போகிறவர்களிடம் எந்தச் சுடலை, யார் கொள்ளி வைத்தது என்று என்னத்தைக் கேட்பது? ஆம்பிளைகளுக்குத்தான் தெரியும் என்று ஆம்பிளைகளையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி என் வியாழக்கிழமைகளின் கதையைக் கேளுங்கள்.

இங்கே வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. ஞாயிறு கந்தோர், அலுவலகம் எல்லாம் பூட்டு. அலைவதென்றால் வியாழன்தான். நான் வேலை செய்யும் சினோரா எலியனோராவுக்கு எண்பத்துநாலு வயது. தனி மனுஷி. பிறந்து வளர்ந்தது எல்லாம் பலேர்மோவில், பேசுவது இத்தாலியன். ஆனால் பரம்பரை இங்கிலீஷ். பூட்டனார் தோமஸ் ஹோல்பெக் எலுமிச்சை ஏற்றுமதி செய்ய இங்கிலாந்திலிருந்து மனைவி ஆன் என்பவரோடு வந்தவர். ஆன் இறந்தபின் இங்கேயே ஒரு சிசிலிக்காரியைக் கட்டினார். அந்த இரண்டாவது கல்யாணத்தின் வழியில் வந்தவர்தான் சினோரா.

இங்கிலாந்தில் இருக்கும் ஒரு தூரத்து உறவினர் குடும்ப வரலாறு எழுதுகிறார். ஊர் ஊராகத் தேவாலயப் பதிவேடுகளையும் அடக்கப் பதிவுகளையும் கிளறி ஒரு பெரிய வம்ச மரம் போட்டு முடித்துவிட்டார். கடைசியில் சினோராவுக்கு ஒரு கடிதம் போட்டார். ஆன் இறந்ததற்கு எங்கும் பதிவு இல்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே தோமஸ் மறுபடி கட்டியிருந்தால் அது செல்லுபடியான கல்யாணம் ஆகாது. ஆதாரம் கிடைக்கும் வரை உங்கள் கிளையைப் புத்தகத்தில் சேர்ப்பதற்கில்லை, மன்னிக்கவும்.

சினோரா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "நூற்றைம்பது வருடம் கழித்து என் பாட்டனாரை முறைகெட்டுப் பிறந்தவர் என்கிறான். அதுவும் எவ்வளவு நல்ல தாளில் எழுதியிருக்கிறான் பார்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். என் கண்ணுக்கு இனி அந்தக் கூட்டெழுத்து தெரியாது. எனக்காகப் போய்ப் பார், காரா." காரா என்றால் கண்ணே மாதிரி.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. என் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர், குவெஸ்தூராவுக்கு என்னோடு பொல்லையும் ஊன்றிக்கொண்டு வந்தவர். போனேன். ஆனால் மனதுக்குள் வெந்துகொண்டே போனேன். என் அப்பாவின் சாவைத் தேட வைத்திருந்த பின்னேரங்களை வேறு யாரோ ஒருத்தியின் சாவுக்குக் கொடுத்தேன்.

முதலில் தோமஸ் இரண்டாம் கல்யாணம் செய்த கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனேன். மூன்று வியாழன் அலைய விட்டு, நாலாவது வியாழன் பதிவேட்டைத் திறந்தார்கள். லத்தீன். அங்கிருந்த இளம் பாதிரியார் வாசித்துச் சொன்னார். மணமகன், மனைவியை இழந்தவர் என்று தெளிவாக இருந்தது. சினோரா மகிழ்ந்துபோய் இங்கிலாந்துக்கு எழுதினார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. அது மாப்பிள்ளை தானே சொல்லிக்கொண்டது, ஆதாரமாகாது.

அந்த மனுசனை எனக்கு ஆகவே ஆகாது. ஆனால் அந்தப் பதிலை வாசித்தபோது உங்களை நினைத்துச் சிரித்தேன். நீங்களும் அதையேதான் எழுதியிருப்பீர்கள்.

பிறகு ஆங்கிலேயர் தேவாலயம். அங்கே பதிவேடுகள் ஒரு பக்க அறையில் இரும்பு அலுமாரிக்குள் கிடக்கின்றன. சாவி கார்மேலோ என்ற வயதான காவற்காரரிடம். வியாழனில் மூன்று மணி தொடக்கம் ஐந்து மணி வரை திறப்பதாகப் பேச்சு. மூன்றரைக்கு வருவார். திறந்து வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போவார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சாவியை ஆட்டத் தொடங்குவார். இங்கிலீஷில் ஒரு சொல் தெரியாது அவருக்கு. ஆனாலும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கிடைத்ததா?" என்று ஒவ்வொரு பத்து நிமிடமும் கேட்பார்.

"இல்லை."

"செத்தவர்கள் எங்கே ஓடப்போகிறார்கள், சினோரா? அடுத்த வியாழன் வாருங்கள்."

ஞானஸ்நானப் பதிவு ஒரு புத்தகம், கல்யாணம் ஒரு புத்தகம், அடக்கம் ஒரு புத்தகம். தோமசும் ஆனும் வந்திறங்கிய வருடத்திலிருந்து இரண்டாம் கல்யாண நாள் வரைக்கும் அடக்கப் புத்தகத்தை வரி வரியாக வாசித்தேன். கூட்டெழுத்து வாசிக்க எனக்குக் கஷ்டமில்லை. உங்கள் கந்தோர்க் கடிதங்களைத் திருட்டுத்தனமாக வாசித்துப் பழகிய கண்கள். ஐந்து வியாழன் வாசித்தேன். ஆன் இல்லை. விட்டுவிட்டேனோ என்று திரும்பவும் முதலிலிருந்து வாசித்தேன். இல்லை.

அப்போது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. யார் யாருக்கு அந்தப் புத்தகத்தில் இடம் இருந்தது தெரியுமா? பாய்மரத்திலிருந்து விழுந்த மாலுமி, பெயர் தெரியவில்லை, ஆனால் அவனுக்கு ஒரு வரி. மூன்று நாள் இருந்து செத்த ஒரு வியாபாரியின் குழந்தை, அதற்கும் ஒரு வரி. யாரோ ஒரு துரையின் வீட்டுச் சமையற்காரன், அவனுக்குக்கூட வயது, திகதி, அடக்கம் செய்தவரின் கையெழுத்து. அந்நிய தேசத்தில் செத்த ஒவ்வொரு வெள்ளைக்காரனையும் பொத்திப் பொத்தி எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் சொந்த நாட்டில், ஒரு நாள் பயணத் தூரத்தில் செத்த உங்களை எழுத ஒருவருக்குக்கூடக் கை வரவில்லை. புத்தகத்தை அடித்து மூடினேன். தூசி பறந்தது. "பியானோ, சினோரா, பியானோ" என்று கார்மேலோ ஓடி வந்தார். மெதுவாக மெதுவாக என்று. பதினாலு மாதமாக மெதுவாகத்தானே போய்க்கொண்டிருக்கிறேன்!

அவர் புத்தகத்தைத் தூக்கி அலுமாரிக்குள் வைக்கப் போனார். பின்னட்டை பிரிந்து, கடைசித் தாள்கள் கொஞ்சம் தொங்கின. அதைப் பார்த்த உடனே எனக்கு உங்கள் முன்னறை நினைவு வந்தது.

நாள் கடந்து வந்து சொல்லப்பட்ட சாவுகளை நீங்கள் எப்போதும் புத்தகத்தின் கடைசித் தாள்களில் வேறாகத்தான் எழுதுவீர்கள். நடந்த திகதிக்குப் பக்கத்தில் இடமிருந்தாலும் நுழைக்க மாட்டீர்கள். "இடையிலை செருகினால் அது களவு" என்பீர்கள். யாரும் கேட்காமலே அதைப் பற்றி அம்மாவிடம் அரைமணி நேரம் புறுபுறுப்பீர்கள். நான் எரிச்சலோடு காதைப் பொத்திக்கொண்டு படிப்பேன். காதைப் பொத்தினாலும் விழுந்திருக்கிறது போல.

நான் இவ்வளவு நாளும் திகதி வரிசையில்தான் தேடியிருந்தேன். வெற்றுத்தாள்கள் தொடங்கிய இடத்தில் நிறுத்திவிட்டேன். கார்மேலோவின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி, பின்னாலிருந்து திருப்பினேன். வெற்றுத்தாள், வெற்றுத்தாள், பிறகு ஒரு பக்கம் நிறைய எழுத்து.

கொலரா பரவிய ஒரு கோடையில் பாதிரியார் நகரில் இல்லை. திரும்பி வந்தபிறகு, தான் இல்லாத நாட்களில் இறந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்து எழுதியிருக்கிறார். நாலாவதாக ஆன் ஹோல்பெக், தோமசின் மனைவி, வயது இருபத்தாறு. இனிப் பாதிரியாரின் சொற்களிலேயே சொல்கிறேன்: மயானத்துக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்கவில்லை. நகருக்கு வெளியே ஒரு எலுமிச்சைத் தோட்டத்தில், பெட்டி இல்லாமல் அடக்கம். ஜெபம் சொல்ல ஆள் இருக்கவில்லை. நான் ஊரில் இருக்கவில்லை. பக்கத்தில் நின்ற கணவர் சொல்ல எழுதியது. இவ்வளவுதான், கீழே கையெழுத்து.

"கிடைத்ததா?" என்றார் கார்மேலோ.

"ஓம்" என்றேன், தமிழில். அவருக்கு விளங்கியது.

சினோராவுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். மூன்றாவது தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெட்டிகூட இல்லை. பாவம் பெண்" என்றார். பிறகு, "அதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார் என் பூட்டனார்" என்றார். பாதிரியார் விசாரித்துக் கையெழுத்து வைத்ததால் தன் கிளை இனிப் புத்தகத்தில் சேரும் என்பதைப் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கிளம்பும்போது, "இனி வியாழன் உன்னுடையது" என்றார்.

இவருக்குச் சொன்னேன், உங்கள் மருமகனுக்கு. பருவத்துக்கு, நகருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் ஆயப் போகிறவர். "அப்ப நான் இனி அங்கை மண்வெட்டி போடேக்கை பாத்துத்தான் போடவேணும், ஆர் எவர் கீழை கிடக்கினமோ" என்று பகிடி விட்டார். நான் சிரிக்கவில்லை. "பக்கத்தில் நின்ற கணவர்" என்ற சொற்களிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஆன் விஷயத்தில் அந்தப் பாதிரியார் பக்கத்தில் நின்றவரைத்தான் கேட்டிருக்கிறார். உங்கள் பக்கத்தில் நின்றது யார்? அங்கே இல்லாத ஆம்பிளைகள் எல்லாரையும் நான் கேட்டு முடித்துவிட்டேன். நின்ற ஒருவரை மட்டும் விட்டுவிட்டேன்.

அடுத்த வியாழன் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தொலைபேசிக் கடைக்குப் போனேன். லொட்ஜ்காரர் கூப்பிட்டு அம்மா வந்து எடுக்கவே ஐந்து நிமிடம்.

"அம்மா, அப்பாவின்ரை செத்தவீட்டிலை நீங்கள் படலையோடை நிண்டனீங்களோ, சுடலைக்கும் போனனீங்களோ?"

"ஏன் இப்ப இதைக் கேக்கிறாய்?"

"எந்தச் சுடலைக் கொப்பியிலும் பேர் இல்லையாம்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் "அம்மா" என்று கூப்பிட்டேன்.

"எரிக்கேல்லைப் பிள்ளை" என்றா அம்மா. "நாலு நாளா விடாத மழை. விறகெல்லாம் ஊறிப் போச்சு. பள்ளிக்கூடத்திலை சனம் கால் வைக்க இடமில்லை, ஒரு நாளுக்கு மேலை வைச்சிருக்க ஏலாது எண்டிச்சினம். ரண்டு பேர் மண்வெட்டி கொண்டு வந்தவை, ஆர் பெத்த பிள்ளையளோ. பாலை மரத்துக்குக் கீழை தாட்டம். பெட்டி எங்கை, ஒரு பாயாலை சுத்தித்தான். நானும் போனனான். வேறை ஆர் போறது?"

அப்பா, பொய் சொல்லவில்லை, எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. ஆத்திரம்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? பதினாலு மாசமா நான் இஞ்சை சுடலை சுடலையாத் தேடுறன். நீங்கள் ஒரு சத்தியக் கடதாசி குடுத்திருந்தால் எப்பவோ பதிஞ்சிருக்கலாமெல்லே?"

"என்னெண்டு குடுக்கிறது?" அம்மாவும் குரலை உயர்த்தினா. "கொப்பா முறை பிசகக்கூடாது எண்டு நிண்ட மனுசன். அவரை விறகில்லாமல் மண்ணுக்கை வைச்சன் எண்டு நான் கையெழுத்து வைக்கிறதோ? அந்தக் கட்டம் எனக்குத் தெரியாதோ? 'அடக்கம் அல்லது தகனம் செய்த இடம்.' முப்பத்தைஞ்சு வருசம் அவர் அதைக் கேக்கக் கேக்க அடுப்படியிலை நிண்டனான்."

பிறகுதான் மெதுவாகச் சொன்னா. "அவரின்ரை புத்தகமும் பக்கத்திலைதான் கிடந்தது, பொலித்தீனிலை சுத்தினபடி. சட்டி பானையை விட்டிட்டு அதைத்தானே சைக்கிளிலை கட்டிக்கொண்டு வந்தவர். பேனையும் கிடந்தது. எழுதுற ஆள்தான் இல்லை. பிறகு அரசாங்கக் கச்சேரிக் கந்தோரிலை கொண்டுபோய்க் குடுத்துப்போட்டன்."

உங்கள் பதிவேட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் கிடந்திருக்கிறீர்கள். அம்மா அதைத் தொடவில்லை. தொட விடாமல் எங்களைப் பழக்கியது நீங்கள்தானே?

கைப்பையில் ஆனின் பதிவைப் பிரதி எழுதிய தாள் இருந்தது. எடுத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். வண்டி கிடைக்கவில்லை. எலுமிச்சைத் தோட்டத்தில். பெட்டி இல்லாமல். ஜெபம் சொல்ல ஆள் இருக்கவில்லை. நான் ஊரில் இருக்கவில்லை.

"அந்தப் பாதிரி தான் நிக்கேல்லை எண்டதையும் எழுதினவரோ?" என்று கேட்டா அம்மா.

"ஓம்."

"அந்தப் பிள்ளையின்ரை மனுசன் வெக்கப்படாமல் எல்லாம் சொன்னவரோ?"

"வெக்கப்பட்டிருப்பார் அம்மா. சொன்னவர்."

கடைக்காரன் தொலைபேசிக் கூண்டின் கண்ணாடியில் தட்டினான், வெளியே ஆட்கள் காத்து நிற்கிறார்கள் என்று. நான் முதுகைக் காட்டினேன்.

"கொப்பி பேனை வைச்சிருக்கிறியோ?" என்றா அம்மா. "அப்ப எழுது. நான் அந்தச் சத்தியக் கடதாசிக்காரனிட்டைப் போய் நிண்டு தடுமாறுவன். நீ எழுதி அனுப்பு, நான் பாத்துச் சொல்லுறன்."

பிறகு அம்மா கட்டம் கட்டமாகச் சொல்லத் தொடங்கினா. ஒன்றையும் நான் கேட்கவில்லை, அவவே வரிசை பிசகாமல் சொன்னா. நீங்கள் கேட்கும் அதே வரிசை, அதே இழுவை. இறந்த திகதி. இடம். முழுப்பெயர். ஆண். வயது. தொழில் வந்தபோது நான் எழுதுவதற்குள், "இளைப்பாறிய பதிவாளர் எண்டு போட்டிடாதை. சாகுமட்டும் வேலையிலைதான் இருந்தவர்" என்றா. உங்கள் தகப்பன் பெயர். உங்கள் தாயின் பெயர், முழுதாக. காரணம், காய்ச்சல். அந்தக் கட்டம் வந்தது.

"பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கை, பாலை மரத்தடி" என்றா. "அடக்கம் எண்டு விளக்கமா எழுது."

எழுதினேன். அறிவித்தவர் யார் என்ற கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது, "மனைவி. பக்கத்திலை நிண்டவ. நான் கையெழுத்து வைக்கிறன்" என்றா.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தக் கட்டமும் வெறுமையாக இல்லை.

அதை இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கிடைத்ததும் அம்மா சத்தியக் கடதாசியோடு போகிறா. பிந்திய பதிவுக்கு ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களைப் போல ஒருத்தர் அங்கே இருந்து, ஏதோ ஒரு பெயருக்காக அம்மாவை வெயிலில் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார். அனுப்பட்டும். நீங்கள் திருப்பி அனுப்பிய அந்தப் பெண் மறுநாள் காலை முதல் ஆளாக, மாமியாரின் பெயரை முழுதாகக் கேட்டுக்கொண்டு வந்து நின்றாளே, மறந்துவிட்டீர்களா? நாங்களும் வந்து நிற்போம். ஆனி மாதம் தாண்டிப்போனால் மூன்றாவது அனுமதிக்கு நான் வரிசையில் நிற்பேன். உங்கள் பெயர் ஒரு புத்தகத்தில் ஏறும், அப்பா, கடைசித் தாளிலாவது. இது நான் தரும் வாக்கு.

ஏறிய பிறகு உங்கள் மேல் எனக்குள்ள கோபத்தை மறுபடி எடுத்துக்கொள்வேன். அதுவரை கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன்.

கையெழுத்து: வதனி, பலேர்மோ
இறந்தவருக்கு உறவு: மகள்
பக்கத்தில் நின்றாரா: இல்லை. நான் ஊரில் இருக்கவில்லை.